நான் படித்த விதம்

வசீகரன் அண்ணை முதன்முதலில் என்னிடம் வந்தபோது, மகளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் என் சான்றிதழ்களைக் கேட்டார். கதிரையில்கூட உட்காரவில்லை.

“குறை நினைக்காதேங்கோ ரீச்சர். எங்கை படிச்சனீங்கள், என்ன படிச்சனீங்கள் எண்டு ஒருக்காப் பாக்கவேணும்.”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். பிள்ளைகளோடு வேலை செய்கிறவளுக்கு இது ஆகாத குணம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வதுண்டு. பிள்ளைகளோடு எனக்குக் கோபம் வருவதேயில்லை. பெற்றோரைக் கண்டால்தான் வரும். அதிலும் நம்முடைய பெற்றோரைக் கண்டால் சொல்லத் தேவையில்லை.

இத்தாலியில், பலெர்மோ நகரத்து வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது எங்கள் நிலையம். எழுத்தோடும் எண்ணோடும் மல்லுக்கட்டுகிற பிள்ளைகள், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைகள், சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வருவார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த வழியால் படிப்பு உள்ளே போகும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இத்தாலியனில் இதற்கு ரியூட்டர் என்று பெயர். நம்முடைய ஆட்கள் அதை ரியூசன் என்று எடுத்துக்கொண்டு, “கணக்கும் எடுப்பீங்களோ?” என்று கேட்பார்கள்.

கோபத்தை விழுங்கிக்கொண்டு சான்றிதழ்க் கோப்பை எடுத்து நீட்டினேன். கல்வியியல் பட்டம், அதற்கு மேல் ஒரு வருடப் பயிற்சிச் சான்றிதழ், இரண்டு கருத்தரங்குகளுக்குப் போன தாள்கள். அவர் ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். குடிவரவு அலுவலகத்துக்காரன்கூட என் தாள்களை அப்படிப் பார்த்ததில்லை. அவருடைய மனைவி தயானி அக்காவும் பதினான்கு வயது மகள் கேசினியும் கதவடியில் நின்றார்கள். அந்தப் பிள்ளைக்கு என்னைப் பார்க்க வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லது,” என்று கோப்பைத் திருப்பித் தந்தார் வசீகரன் அண்ணை. “ஆற்றையும் தயவில்லாமல் நேர்மையாப் படிச்சு வந்திருக்கிறியள். என்ர பிள்ளையையும் அப்பிடியே கொண்டுவந்து விடுங்கோ.”

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் பொய்.

பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருடம், எத்தனை புள்ளி என்றெல்லாம் இருக்கும். எப்படிப் படித்தாய் என்பது இருக்காது. நான் மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து ஒன்பது வயதில் பலெர்மோவுக்கு வந்தவள். தமிழ் எழுத்தும் எனக்கு அடங்கியதில்லை, இத்தாலியன் எழுத்தும் அடங்கவில்லை. ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் முதற்சொல் எங்கேயோ ஓடிவிடும். மொழி தெரியாத பிள்ளை என்றார்கள், பிறகு கவனமில்லாத பிள்ளை என்றார்கள், கடைசியில் சோம்பேறி என்றார்கள். இரண்டு வகுப்புகளில் பெயிலாகி, பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவோடு சேர்ந்து மாடிப்படிகள் கழுவினேன். இருபத்தொரு வயதில் மாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதுதான் ஒருவர் என்னைச் சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று ஒரு தாள் தந்தார்கள். முழு முட்டாள் என்றுதான் அதுவரை என்னைப்பற்றி நினைத்திருந்தேன். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சட்டம் தந்த உதவிகளோடுதான். பரீட்சை மேசையில் நானே கீறிய படத்தாள்கள் இருக்கும். புத்தகங்களைக் குரலில் கேட்டுப் படித்தேன். மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் எனக்கு அதற்கு மேல் இருபது நிமிடம். மூன்று வருடப் பட்டத்தை ஐந்து வருடத்தில் முடித்தேன்.

அம்மா மட்டும் மாதா கோயில் வாசலில் நின்று, “என்ர பிள்ளை ஒருத்தற்றை உதவியுமில்லாமல் தானாப் படிச்சவள்,” என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. சும்மா கிடைத்த நல்ல பெயரை யார் வேண்டாம் என்பார்கள்? அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நம்முடைய குடும்பங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்பின. பத்து வருடமாக அதைக் கட்டிக் காத்து வந்தேன்.

கேசினி ஒக்ரோபரில் வந்து சேர்ந்தாள். வருகிற யூனில் நடுப்பள்ளி மூன்றாம் வகுப்பின் இறுதிப் பரீட்சை. அதில் தேறினால்தான் மேல்பள்ளிக்குப் போகலாம். அவளுக்கும் டிஸ்லெக்சியா என்று முன்பே தாள் கொடுத்திருந்தார்கள். வாசிக்கச் சொன்னால் ஒரு பக்கத்தில் மூச்சு வாங்கிவிடும். ஆனால் காதால் கேட்டது ஒன்றும் அவளுக்கு மறப்பதில்லை. வீட்டில் தமிழ், வெளியில் சந்தைக்காரரின் பலெர்மோ இத்தாலியன், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து கொட்டும்.

“அக்கா, பொச்சாத்தா ஆனா நான் திரும்ப அந்தக் கிளாசில போய் இருக்கமாட்டன். சின்னப் பிள்ளையளோட இருக்கமாட்டன். ஓட்டல்ல கோப்பை கழுவப் போயிடுவன்.”

பொச்சாத்தா என்றால் பெயில். அந்தப் பிள்ளை சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் நானும் அதையேதான் சொன்னேன், சொன்னபடியே செய்தும் காட்டினேன். அதனால் இந்தப் பிள்ளை பெயிலாகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

படத்தாள் கீறப் பழக்கினேன். ஒரு பெரிய தாளின் நடுவில் விஷயம், சுற்றிவரக் கிளைகள், கிளைக்கு ஒரு நிறம், நீண்ட வசனங்களுக்குப் பதிலாகச் சின்னப் படங்கள். இதைப் பரீட்சை அறைக்குள் கொண்டுபோகலாம் என்று பள்ளிக்கூடம் அவளுக்காகத் தயாரித்த திட்டத்திலேயே எழுதியிருந்தது. அப்பா அதில் கையெழுத்தும் போட்டிருந்தார். வாய்மொழிப் பரீட்சைக்குச் சியாகுல்லித் தோட்டத்து மன்டரின் தோடம்பழத்தைத் தலைப்பாக எடுத்தாள். வசீகரன் அண்ணை குளிர்காலத்தில் வேலை செய்வது அங்கேதான். அது ஏன் மற்றப் பழங்களைவிடப் பிந்திப் பழுக்கிறது என்பது விஞ்ஞானம், யார் பறிக்கிறார்கள் என்பது சமூகம், தோட்டங்கள் எப்படிச் சுருங்கின என்பது வரலாறு. ஐந்து தாள்கள். யாரும் உதவவில்லை, எல்லாம் அவளுடைய கை.

எழுத்துப் பரீட்சைகளை ஒருவாறு முடித்தாள். வாய்மொழி வியாழக்கிழமை காலை. புதன்கிழமை மத்தியானம் தயானி அக்காவின் அழைப்பு வந்தது. பின்னால் கேசினி அழுகிற சத்தம் கேட்டது.

“தங்கச்சி, அவர் இவளின்ர படமெல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போட்டார். சோதினைக்குக் கொண்டுபோறதெண்டு பிள்ளை சொன்னவுடன, என்ர மகள் கொப்பியடிச்சுப் பாசாகத் தேவையில்லை எண்டு போட்டார்.”

“கையெழுத்துப் போட்டவர்தானே அக்கா!”

“வீட்டில வைச்சுப் படிக்கிறதுக்கெண்டு நினைச்சிருக்கிறார்.”

கோடையில் வசீகரன் அண்ணைக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்ரோறண்ட் சமையலறையில் வேலை. பேருந்தில் கடலுக்குப் போகிற கூட்டத்துக்குள் நசிந்து, யாரோ ஒருவருடைய குடைக்கம்பி விலாவில் குத்த, வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பின்வாசலில் ரப்பர் சப்பாத்தோடு குந்தியிருந்து கணவாய் துப்புரவு செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார், ஆனால் வாங்கோ என்று சொல்லவில்லை.

“அண்ணை, அது சட்டப்படி குடுக்கிறது. பள்ளிக்கூடமே கொண்டுவரச் சொல்லுது.”

“சட்டம் விட்டாலும் களவு களவுதான், ரீச்சர். சோதினை மேசையில தாளை வைச்சுப் பாத்துச் சொல்லுறதுக்கு எங்கட ஊரில என்ன பேர்?”

“அதில விடை ஒண்டும் இல்லை. ஞாபகத்தைக் கூப்பிடுற படம் மட்டும்தான். கண் வடிவாத் தெரியாதவனுக்குக் கண்ணாடி குடுத்தா அதுவும் களவோ?”

“கண்ணாடி போட்டவனைப் பாத்து ஒருத்தரும் களவனெண்டு சொல்லமாட்டினம்,” என்றார். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “உங்களுக்குத் தெரியாது. நான் வன்னியில ஏஎல் சோதினை எழுதினனான். நல்லாச் செய்தனான். வாத்தியாரா வாறதெண்டுதான் நினைப்பு. கடைசிப் பேப்பரண்டு முன்னுக்கு இருந்தவன் ஒரு துண்டை என்ர மேசைக்குக் கீழ எறிஞ்சு போட்டான். நான் காலாலயும் தொடேல்லை. ரெண்டு பேரையும் எழுப்பி வெளியில விட்டாங்கள். பெறுபேற்றை நிப்பாட்டிப் போட்டாங்கள். நான் கொப்பியடிக்கேல்லையெண்டு ஒருத்தரையும் நம்பவைக்க ஏலாமல் போச்சு. என்ர அப்பாவே நம்பேல்லை. அதுக்குப் பிறகு நான் ஒரு சோதினையும் எழுதேல்லை.”

வழி நெடுகச் சேர்த்து வைத்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

“என்ர பிள்ளை பெயிலானாலும் பரவாயில்லை,” என்றார். “அவளைப் பாத்து ஒருத்தன் அந்தச் சொல்லுச் சொல்லக்கூடாது. நீங்கள் நேர்மையாப் படிச்சு வந்த ஆள். உங்களுக்கு இது விளங்கவேணும்.”

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். என் பெயர் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் கேசினி நாளைக்கு வெறுங்கையோடு போய் இருந்து, முதற்கேள்வியிலேயே திக்கி, வாயை மூடிக்கொள்வாள். அந்தக் கதிரையில் நான் இருந்திருக்கிறேன்.

“அண்ணை, நானும் அப்பிடித்தான் படிச்சனான்.”

“எப்பிடி?”

“நீங்கள் வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்த சேர்டிபிக்கேற் எல்லாம் மேசையில படத்தாள் வைச்சு, கூடுதல் நேரம் எடுத்துச் செய்த சோதினையள்தான். அதுக்கு முதல் ரெண்டு தரம் பெயில். படிப்பை விட்டுட்டு அஞ்சு வருசம் படி கழுவினனான். எழுத்தைப் பாத்தா எனக்கு அது இப்பவும் அசையும். அம்மா சொல்லித் திரியிறது பொய். நானும் ஓமெண்டு இருந்திட்டன்.”

உள்ளேயிருந்து சமையற்காரன் கூப்பிட்டான். அவர் கணவாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் இந்தக் கதை ஊர் முழுக்கப் போய்விடும் என்று நினைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பெயரும் போயிற்று, படத்தாளும் கிடைக்கவில்லை. கேசினியைத் தொலைபேசியில் பிடித்து, நினைவிலிருந்து ஒரு தரம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது கிளையோடு நின்றுவிட்டாள்.

வாய்மொழிப் பரீட்சையைப் பார்க்க வெளியாட்களும் போகலாம். வியாழன் காலை நான் போனபோது தயானி அக்கா பின்வரிசையில் இருந்தார். பக்கத்தில் வேலைக்குப் போகாமல், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு வசீகரன் அண்ணை. நெஞ்சோடு ஒரு பிளாஸ்ரிக் பையை அணைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கு என்ன அர்த்தமென்று எனக்குப் பிடிபடவில்லை.

கேசினியைக் கூப்பிட்டார்கள். அவள் வெறுங்கையோடு போய் இருந்தாள். இத்தாலியன் ஆசிரியை கண்ணாடியை இறக்கி, “படத்தாள்கள் எங்கே?” என்று கேட்டார். கேசினி பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

வசீகரன் அண்ணை எழுந்தார். மகளிடம் போகவில்லை. நேரே ஆசிரியர்களின் மேசைக்குப் போய், பையிலிருந்த ஐந்து தாள்களையும் அதிபருக்கு முன்னால் விரித்தார். பிறகு, தோட்டத்திலும் சமையலறையிலும் பழகிய அரைகுறை இத்தாலியனில் சொன்னார்:

“முதலில் நீங்கள் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், எல்லாம் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு ஒருவரும் என் மகள் களவாகப் பார்த்தாள் என்று சொல்லக்கூடாது.”

கணித ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிபர் சிரிக்கவில்லை. அந்த மனிதருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐந்து தாள்களையும் பொறுமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் திகதியும் போட்டார். “முத்திரையும்,” என்றார் வசீகரன் அண்ணை. காரியாலயத்திலிருந்து முத்திரையைக் கொண்டுவர ஆள் போயிற்று. இத்தாலியில் முத்திரைக்கு இவ்வளவு விரைவாக ஆள் போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு அவரே தாள்களை எடுத்துக்கொண்டு போய் மகளுக்கு முன்னால் வைத்தார்.

கேசினி பேசினாள். முதல் இரண்டு வசனங்களும் நடுங்கின. மூன்றாவதில் கை தானாக எழுந்தது. மரத்துக்கு ஒட்டுக்கட்டுவதைச் சொன்னாள், பெட்டி சுமக்கிறவர்களின் முதுகைச் சொன்னாள், குளிர்காலத்தில் அப்பாவின் சேர்ட்டில் வருகிற மணத்தைக்கூடச் சொன்னாள். வரலாற்று ஆசிரியர் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். கொஞ்சம் திக்கி, தாளில் ஒரு மூலையைப் பார்த்து, அங்கிருந்து பிடித்து ஏறிப் பதில் சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

விறாந்தையில் வசீகரன் அண்ணை எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை.

“மூண்டே மூண்டு தரம்தான் குனிஞ்சு பாத்தவள்,” என்றார்.

“ஓம் அண்ணை. நானும் எண்ணினனான்.” பிறகு கேட்டேன், “ஏன் கொண்டுவந்தனீங்கள்?”

“நேற்று நீங்கள் நேர்மையாப் படிச்ச ஆளெண்டு நான் சொல்லேக்க, ஓமெண்டு சொல்லிப் போட்டுப் போயிருக்கலாம். போகேல்லை. களவு செய்யிற ஆக்கள் தாங்களா வந்து சொல்லுறேல்லை, ரீச்சர்.”

கேசினி ஏழு புள்ளியோடு தேறினாள். பத்துக்கு ஏழு. செப்ரெம்பரில் மேல்பள்ளிக்குப் போகிறாள்.

நான் பயந்தபடியே கதை பரவியது. பரப்பியவர் வசீகரன் அண்ணைதான். கண்டவர்களுக்கெல்லாம், “ரீச்சர் ரெண்டு தரம் விழுந்து எழும்பின பிள்ளை,” என்று பெருமையாகச் சொன்னாராம். எல்லோரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. குணரத்தினம் அண்ணர், “பெயிலானவளிட்டையோ என்ர பெடியனை விடுறது?” என்று மகன் விதுரனை நிறுத்திவிட்டார். அம்மா தொலைபேசியில், “ஊருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப் போட்டாய்,” என்று அழுதார். அந்த வாரம் எனக்கு நன்றாக வலித்தது. விதுரன் கெட்டிக்காரப் பிள்ளை, அவனை விட மனமில்லை. ஆனாலும் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

யூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், வேலை முடிந்த கையோடு தயானி அக்கா தனியாக வந்தார். மேல்பள்ளிப் படிவம் நிரப்ப வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“கேசினி வரேல்லையோ அக்கா?”

“அவள் சிநேகிதியளோட கடலுக்குப் போட்டாள்.” கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “இது கேசினிக்கில்லை, தங்கச்சி. எனக்கு.”

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

“எழுத்து அசையுமெண்டு அவரிட்டைச் சொன்னனீங்களாம். எனக்குச் சின்னனில இருந்தே அப்பிடித்தான். அடிதான் வாங்கினனான். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில ஒரு கடிதமும் நான் வாசிச்சதில்லை. கண் வலி, தலையிடி எண்டு சொல்லி எல்லாத்தையும் அவரைக்கொண்டே வாசிப்பிச்சனான். அவருக்கு இப்பவும் தெரியாது.” அவருடைய குரல் இறங்கியது. “பிள்ளைக்கு ஆரிட்டை இருந்து இது வந்ததெண்டு அவர் அடிக்கடி கேக்கிறவர். நான் பேசாமல் இருந்திருக்கிறன்.”

நாற்பத்தொரு வயதுவரை ஒரு மனுசி இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அதுவும், சொன்னால் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு மனிதனோடு ஒரே வீட்டில்.

“இனிப் பழக ஏலுமோ?” என்று கேட்டார்.

“ஏலும். கட்டாயம் ஏலும். எப்ப தொடங்குவம்?”

“அவருக்குச் சொன்னபிறகு.”

“நான் கதைக்கட்டோ?”

தயானி அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்துத் தானே அழைத்தார்.

“நான்தான். ரீச்சரிட்டை நிக்கிறன். பிள்ளைக்கு ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ. வேலை முடிஞ்சவுடன நேர இஞ்சை வாங்கோ. உங்களுக்கு என்ர வாயால ஒண்டு சொல்லவேணும்.”